குரூஷியல் என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். ஒருமுறை ஒரு மாணவி கட்டுரையில் 'மை மதர் இஸ் வெரி குரூஷியல் டு மீ' என்று எழுதியிருந்தாள். அம்மா எனக்கு ரொம்ப முக்கியம் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனாலும் வாக்கியம் ஒட்டவில்லை. ஏன் என்று விளக்கப் போய் அன்றைய வகுப்பு முழுக்க இந்த ஒரு சொல்லிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுக் குழுவிலும் அதே சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

குரூஷியல்னா ரொம்ப முக்கியம்னுதானே அர்த்தம்?

பாதி சரி. முக்கியமான எல்லாமே குரூஷியல் ஆகாது. ஒரு விஷயத்தின் முடிவு இன்னும் தெரியவில்லை, இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம் என்று நிற்கிறது. எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்த்துவைக்கிற ஒன்று அங்கே வருகிறது. அதுதான் குரூஷியல்.

ஒரு வழக்கில் இருபது சாட்சிகள் இருக்கலாம். இருபது பேரும் முக்கியம்தான். சம்பவம் நடந்த நேரத்தில் அந்த ஆள் வேறு ஊரில் இருந்தாரா இல்லையா என்பதைச் சொல்லப்போகிற ஒரே ஒரு சாட்சி குரூஷியல். அவர் சொல்வதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும். அம்மா முக்கியமானவர். ஆனால் அவரைப் பொறுத்து எதுவும் முடிவாகக் காத்திருக்கவில்லை. அதனால்தான் மாணவியின் வாக்கியம் ஒட்டவில்லை. அதே மாணவி, 'அப்பாவின் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் சொல்வதில் அம்மாவின் பேச்சுதான் குரூஷியலாக இருந்தது' என்று எழுதியிருந்தால் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

இதை எப்படி உச்சரிக்கிறது? குரூசியலா, குரூஷியலா?

ஆங்கிலத்தில் இரண்டே அசை. 'க்ரூ' என்று நீட்டி, 'ஷல்' என்று சட்டென்று முடிக்க வேண்டும். 'ஸ்பெஷல்' என்பதில் வருகிற அதே 'ஷல்'தான். தமிழில் எழுதும்போது 'குரூஷியல்' பழகிவிட்டது, அப்படியே இருக்கட்டும். பேசும்போது மட்டும் நடுவில் 'சி' வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எங்கேர்ந்து வந்த சொல் இது?

லத்தீனில் 'க்ரக்ஸ்' என்றால் சிலுவை. அதன் வேற்றுமை வடிவம் 'க்ரூசிஸ்', அதாவது சிலுவையுடைய. இதிலிருந்து பிரெஞ்சில் 'க்ரூசியால்' என்று ஒரு மருத்துவச் சொல் உருவானது. சிலுவை வடிவத்தில் குறுக்கும் நெடுக்குமாக இருப்பது என்பது பொருள். 1700-களின் தொடக்கத்தில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது அதற்கும் முக்கியத்துவத்துக்கும் சம்பந்தமே இல்லை. தோலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறித் திறப்பதை மருத்துவர்கள் 'குரூஷியல் இன்சிஷன்' என்றார்கள். அதைக் 'குரூஷியல் அறுவை' என்று இன்று மொழிபெயர்த்தால் உயிருக்கே ஆபத்தான அறுவை என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் அது கூட்டல் குறி போட்ட ஒரு கீறல், அவ்வளவுதான்.

விளையாட்டு வீரர்களுக்கு முட்டியில ஏ.சி.எல். கிழிஞ்சிடுச்சுங்கிறாங்களே, அதுல வர்ற 'குரூசியேட்'டும் இதுவும் ஒண்ணா?

ஒன்றேதான், கூடப்பிறந்தவை. ஏ.சி.எல். என்பது 'ஆன்டீரியர் குரூசியேட் லிகமென்ட்'. நம் வழக்கில் முட்டி ஜவ்வு. முழங்காலுக்கு உள்ளே, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டிப் பிடிக்கிற இரண்டு ஜவ்வுகள் இருக்கின்றன. ஒன்று முன்னாலிருந்து பின்னோக்கி ஏறுகிறது, இன்னொன்று பின்னாலிருந்து முன்னோக்கி ஏறுகிறது. இரண்டும் நடுவில் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன.

உங்கள் ஆள்காட்டி விரல் மேல் நடுவிரலைப் பின்னிப் போட்டு, அந்தக் கையை அப்படியே முட்டியின் மேல் வையுங்கள். உள்ளே ஏறக்குறைய அந்த அமைப்புதான் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கபடி வீரர் பாதத்தை ஊன்றிச் சட்டென்று உடம்பைத் திருப்பும்போது, கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவிவிடாமல் இழுத்துப் பிடிப்பது முன் ஜவ்வு. அது கிழிந்தால் முட்டி நிலைகொள்ளாது. மருத்துவர் அதைச் 'குரூசியேட்' என்று சொல்வது அது முக்கியம் என்பதற்காக அல்ல, குறுக்காக இருப்பதற்காக. சொல்லின் பழைய பொருள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற இடம் இந்த முட்டிதான் என்று வகுப்பில் சொல்வேன். கேட்ட யாரும் அதற்குப் பிறகு இந்தச் சொல்லை மறந்ததில்லை.

சிலுவைன்னா ஏசுவைச் சிலுவையில அறைஞ்சதுதானே? அது பெரிய சம்பவம், அதனால முக்கியம்னு ஆயிடுச்சா?

வகுப்பில் அதிகம் வருகிற ஊகம் இது. இயல்பான ஊகம்தான், ஆனால் சரியில்லை. 'முடிவைத் தீர்க்கிற' என்ற பொருள் வந்தது வேறொரு சிலுவையிலிருந்து. அது சாலையோரத்தில் நட்ட கைகாட்டி மரம்.

பிரான்சிஸ் பேக்கன் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1620-ல் 'நோவம் ஆர்கனம்' என்ற நூலை லத்தீனில் வெளியிட்டார். இயற்கையை எப்படி ஆராய வேண்டும் என்பது நூலின் விஷயம். அதன் இரண்டாம் பகுதியில் 'இன்ஸ்டான்ஷியா க்ரூசிஸ்' என்று ஒரு வகைச் சான்றைச் சொல்கிறார். ஒரு நிகழ்வுக்கு இரண்டு காரணங்கள் சமமாகப் பொருந்துவதுபோல் தெரிகிறது, எது உண்மைக் காரணம் என்று புத்தி தடுமாறுகிறது. அப்போது ஒன்றை உறுதிசெய்து மற்றதைத் தள்ளிவிடுகிற சான்று அது. பெயரை எங்கிருந்து எடுத்தேன் என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்: வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் நட்டு, எந்த வழி எங்கே போகிறது என்று காட்டுகிற சிலுவை மரங்களிலிருந்து.

நம் ஊரில் எத்தனையோ பிரிவுச் சாலைகளில் பஸ் நிறுத்தத்துக்கே 'கைகாட்டி' என்று பெயர் இருக்கிறது. நடுவில் ஒரு கம்பம், அதில் இரண்டு பக்கமும் நீட்டிய பலகை. தூரத்திலிருந்து பார்த்தால் சிலுவை. பேக்கனுடைய 'க்ரக்ஸ்' அந்தக் கைகாட்டிதான்.

பேக்கன் சும்மா உவமை சொன்னாரா, இல்ல ஏதாவது சோதனையும் சொன்னாரா?

சொன்னார், ஒன்றுக்கு மேலேயே. எனக்குப் பிடித்தது கடிகாரச் சோதனை. கல் ஏன் கீழே விழுகிறது? கீழே போவது அதன் சொந்த இயல்பா, அல்லது பூமி அதை இழுக்கிறதா? பூமிதான் இழுக்கிறது என்றால், பூமியிலிருந்து தள்ளிப் போகப் போக இழுப்பு குறைய வேண்டும். அதனால் இரண்டு கடிகாரங்களை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஒன்று ஈயக் குண்டு தொங்கி இறங்குவதால் ஓடுவது, மற்றது சுருள்வில்லால் ஓடுவது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும்படி சரிசெய்துவிட்டு, குண்டுக் கடிகாரத்தை மிக உயர்ந்த தேவாலயத்தின் உச்சியில் வைக்க வேண்டும். வில் கடிகாரம் கீழேயே இருக்கும். மேலே உள்ளது மெதுவாக ஓடினால் பூமி இழுப்பது உண்மை. பிறகு அதையே ஆழமான சுரங்கத்திலும் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்.

நியூட்டன் பிறப்பதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்பு அச்சான யோசனை இது. நூறு மீட்டர் உயரத்தில் எடை ஒரு லட்சத்தில் ஏறக்குறைய 3 பங்குதான் குறையும். அக்காலக் கடிகாரங்களோ ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் கூட முன்னே பின்னே போகும். அதனால் அந்தக் கருவிகளை வைத்து யாரும் வித்தியாசத்தைக் கண்டிருக்க முடியாது. யோசனை மட்டும் சரியாகவே நிற்கிறது. எங்கே நின்று பார்த்தால் இரண்டு விளக்கங்களும் பிரியும் என்று தேடிக் கண்டுபிடித்திருக்கிறார் பாருங்கள், அதுதான் குரூஷியல் என்ற சொல்லின் உயிர்.

'எக்ஸ்பெரிமென்டம் க்ரூசிஸ்'னு பேக்கன் சொன்னதாத்தான் படிச்சேன். சரியா?

அவர் எழுதியது முந்தைய பதில்களில் பார்த்த 'இன்ஸ்டான்ஷியா க்ரூசிஸ்', அதாவது கைகாட்டிச் சான்று. 'எக்ஸ்பெரிமென்டம்', அதாவது சோதனை, என்று மாற்றிச் சொன்னது அவருக்குப் பின் வந்தவர்கள். ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 1665-ல் தம் நூலில் அந்தத் தொடரைப் பயன்படுத்தினார். அதை உலகறியச் செய்தது நியூட்டன் 1672-ல் ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் கழகத்துக்கு அனுப்பிய கடிதம்.

அந்தக் கடிதத்தில் இருப்பது இருட்டறைச் சோதனை. சன்னல் துளை வழியாக வரும் வெயில் ஒரு பட்டகத்தில் (பிரிசம்) பட்டு நிறங்களாக விரிகிறது. அந்த விரிப்பிலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டும் துளையிட்ட பலகைகள் வழியாக விட்டு, இரண்டாவது பட்டகத்தில் விழச் செய்தார். முதல் பட்டகத்தைக் கையால் மெல்லத் திருப்பத் திருப்ப, விரிப்பின் வெவ்வேறு பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் துளையில் நுழைந்தன. முதல் பட்டகத்தில் அதிகமாக வளைந்த ஒளி இரண்டாவதிலும் அதிகமாகவே வளைந்தது. குறைவாக வளைந்தது குறைவாகவே வளைந்தது. ஆகவே கண்ணாடி எந்த நிறத்தையும் உண்டாக்கவில்லை, வெள்ளொளியில் கலந்திருந்ததைப் பிரித்துத்தான் காட்டியது என்று முடிவு சொன்னார். அந்தத் தொடரை முன்னால் எழுதிய ஹூக்கே இந்த முடிவை எதிர்த்து வாதாடினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்ப சாதாரண ஆங்கிலத்துக்கு எப்ப வந்துச்சு?

1830-ஐ ஒட்டி. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் அந்த ஆண்டு வெளியிட்ட ஓர் அறிவியல் நூலில் பேக்கனின் லத்தீன் தொடரை ஆங்கிலமாக்கி, குரூஷியல் என்று எழுதினார். மருத்துவர்களிடம் 'குறுக்கான' என்ற பொருளில் ஏற்கெனவே இருந்த சொல்தான். அன்றிலிருந்து 'தீர்த்துவைக்கிற' என்ற பொருளும் அதில் ஏறிக்கொண்டது. பிறகு அறிவியலிலிருந்து அரசியல், வணிகம், விளையாட்டு என்று பரவியது. பரவப் பரவக் கூர்மை மழுங்கி 'ரொம்ப முக்கியம்' ஆகிவிட்டது. அகராதிகள் இந்த மழுங்கிய பொருளையும் ஏற்றுக்கொண்டுவிட்டன. அதனால் அப்படி எழுதுவது தவறு என்று யார் தாளிலும் நான் சிவப்பு மையால் அடிக்க மாட்டேன். கூர்மையான பொருளைத் தெரிந்துகொண்டு எழுதினால் வாக்கியம் பலம் பெறும் என்று ஓரத்தில் குறித்துக் கொடுப்பேன்.

கிரிட்டிக்கல், டிசைசிவ், குரூஷியல் மூணும் ஒண்ணுதானே?

பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒரே வீட்டுக்காரர்கள் இல்லை. 'கிரிட்டிக்கல்' கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிரித்தறிதல், தீர்ப்பு சொல்லுதல் என்பது மூலப் பொருள். பழைய கிரேக்க மருத்துவர்கள் நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்று திரும்புகிற கட்டத்தைக் 'கிரைசிஸ்' என்றார்கள். மருத்துவமனையில் 'கிரிட்டிக்கலா இருக்கார்' என்று சொல்லும்போது நாம் அறியாமலே அந்தப் பழைய பொருளைப் பேசுகிறோம். அதில் ஆபத்தின் வாடை உண்டு. குரூஷியலில் அது இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

'டிசைசிவ்' லத்தீனில் 'வெட்டித் தள்ளு' என்பதிலிருந்து பிறந்தது. வெட்டியாகிவிட்டது, முடிவு வந்துவிட்டது. தேர்தலுக்கு முந்தைய நாள், 'இந்தத் தொகுதி குரூஷியல்' என்று சொல்லலாம். எண்ணி முடித்த பிறகு, 'இந்தத் தொகுதியின் வாக்குகள்தான் டிசைசிவ்' என்று சொல்லலாம். ஒன்றில் கைகாட்டிக்கு முன்னால் நிற்கிறோம், மற்றதில் ஒரு வழியில் இறங்கி நடந்துவிட்டோம்.

'க்ரக்ஸ் ஆஃப் த மேட்டர்'ங்கிறதும் இதே சிலுவையா?

இதே லத்தீன் சொல்தான், வந்த வழி வேறு. பழைய நூல்களுக்கு உரை எழுதியவர்கள், பொருள் விளங்காமல் மண்டையைக் குடையும் இடத்தை 'உரைகாரர்களின் சிலுவை' என்று லத்தீனில் சொன்னார்கள். இங்கே சிலுவை என்பது வதைதான். அவிழாத முடிச்சு என்ற அந்தப் பொருளிலிருந்து விஷயத்தின் மையம், சாரம் என்று ஆனது. ஆகவே 'க்ரக்ஸ்' என்றால் முடிச்சு, 'குரூஷியல்' என்றால் கைகாட்டி என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேற சொந்தக்காரச் சொற்கள் இருக்கா?

நிறைய. தாங்க முடியாத வலியைக் குறிக்கும் 'எக்ஸ்குருஷியேட்டிங்', சிலுவைப் போரான 'குரூசேட்', கடலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கும் 'குரூஸ்' கப்பல் எல்லாம் இந்தக் குடும்பம். கடைசியாகச் சொன்னது டச்சு மொழி வழியாக வந்தது.

நம் கரைக்கும் ஒரு கிளை வந்திருக்கிறது. போர்த்துகீசியர்கள் 'க்ரூஸ்' என்றதைத் தென்கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் 'குருசு' என்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கம் குரூஸ் என்று ஆட்பெயரும் உண்டு. நாம் பொதுவாகச் சொல்லும் 'சிலுவை' இந்தக் குடும்பமே இல்லை. அது சிரியாக் மொழியின் 'ஸ்லீவா' என்பதிலிருந்து வந்தது.

தமிழ்ல இதுக்குச் சரியான சொல் என்ன? ஒவ்வொரு அகராதியும் ஒண்ணு சொல்லுது.

ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போட முடியாது. 'தீர்மானிக்கும்' என்பது பெரும்பாலும் பொருந்தும்: முடிவைத் தீர்மானிக்கும் ஓவர், தீர்மானிக்கும் வாக்கு. 'தீர்' என்ற வேரில்தான் தீர்ப்பும் தீர்வும் இருக்கின்றன. 'அறுதியான' என்பது டிசைசிவுக்கு நெருக்கம், ஏனென்றால் 'அறு' என்றாலும் வெட்டுதான். 'துணிதல்' என்பதற்கும் வெட்டுப்படுதல், முடிவெடுத்தல் என்று இரண்டு பொருளும் உண்டு. 'எண்ணித் துணிக கருமம்' என்று வள்ளுவர் சொல்வது முடிவெடுப்பதைத்தான்.

கைகாட்டிப் பொருளுக்கு நெருங்கிய தமிழ்ச் சொல்லைத் தேடியபோது கிடைத்ததை மறக்கவே முடியாது. பழந்தமிழில் 'கவர்த்தல்' என்றால் வழி கிளை பிரிதல். கிளைவழிக்கு 'கவலை' என்றும் பெயர். சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் கோவலனுக்கு ஒரு மறையவன் வழி சொல்கிறான். கொடும்பாளூருக்கு அப்பால் பாதை மூன்றாகப் பிரியும் என்பதைச் சிவன் ஏந்திய 'அறைவாய்ச் சூலத்து அருநெறி கவர்க்கும்' என்கிறான். சூலத்தின் மூன்று முனைபோலப் பாதை பிரிகிறது. வலப்பக்கம் போனால் என்ன, இடப்பக்கம் போனால் என்ன என்று அடுத்து விரிவாகச் சொல்கிறான். பேக்கனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பிரியும் வழியில் நிற்பதை இவ்வளவு துல்லியமாகப் பாடியிருக்கிறார் இளங்கோ. 'கவலை' என்ற பழஞ்சொல்லை இன்றைய செய்தியில் போட்டால் யாருக்கும் புரியாது, அது தெரிந்ததுதான். ஆனால் அந்தப் படம் மனதில் இருந்தால் குரூஷியலை எங்கே போடுவது என்று தானாகத் தெரியும்.

'வெரி குரூஷியல்', 'மோஸ்ட் குரூஷியல்'னு சொல்லலாமா?

சொல்கிறார்கள், தாய்மொழிக்காரர்களே எழுதுகிறார்கள். 'மோஸ்ட் குரூஷியல்' எனக்குச் சரியாகவே படுகிறது, ஏனென்றால் பல கைகாட்டிகளில் ஒன்று பெரிய பிரிவாக இருக்கலாம். 'வெரி' சேர்த்தால்தான் கொஞ்சம் தளர்கிறது. 'அப்சல்யூட்லி குரூஷியல்' காதுக்கு இயல்பு.

கிரிக்கெட் வர்ணனையில எல்லா விக்கெட்டையும் குரூஷியல்ங்கிறாங்களே?

கடைசி ஓவரில் 8 ரன் வேண்டும், நிலைத்து ஆடுகிற ஒரே ஆள் அவுட். அது குரூஷியல் விக்கெட், சந்தேகமே இல்லை. 150 ரன் பின்தங்கி ஒன்பதாவது விக்கெட் விழுவது அப்படி இல்லை. அங்கே பிரிவதற்கு வழியே மிச்சமில்லை.

ஒரே ஒரு சோதனை ஒரு விஷயத்தை உண்மையிலேயே முடிச்சு வைக்குமா?

வகுப்பில் மிகச் சிலரே கேட்கும் கேள்வி, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். பிரெஞ்சு அறிஞர் பியர் துயெம் 1906-ல் வெளியிட்ட நூலில் இயற்பியலில் அப்படி ஒரு சோதனை சாத்தியமே இல்லை என்று வாதிட்டார். அவர் எடுத்த உதாரணம் ஒளி. ஒளி துகளாக இருந்தால் தண்ணீரில் வேகமாகப் போக வேண்டும், அலையாக இருந்தால் மெதுவாகப் போக வேண்டும். 1850-ல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் அளந்து பார்த்தார், மெதுவாகத்தான் போனது. ஒளி அலைதான், தீர்ந்தது என்றார்கள். துயெம் கேட்டது: வழி இரண்டுதான் என்று யார் சொன்னது? 1905-லேயே ஐன்ஸ்டைன் ஒளியை ஆற்றல் துணுக்குகளாகப் பார்க்கும் கருத்தை முன்வைத்திருந்தார்.

இன்னோர் உதாரணம். 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது, ஆப்பிரிக்கக் கரையோரமுள்ள பிரின்சிபே தீவுக்கும் பிரேசிலின் சோப்ரால் ஊருக்கும் ஆங்கிலேய வானியலாளர்கள் போனார்கள். சூரியனை உரசி வரும் விண்மீன் ஒளி எவ்வளவு வளைகிறது என்பது கேள்வி. சாத்தியங்கள் மூன்று என்று கிளம்பும் முன்பே கணக்கிட்டிருந்தார்கள்: வளைவே இல்லை, நியூட்டன் வழியில் 0.87 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகைக் கோணத்தில் 3600-ல் ஒரு பங்கு), ஐன்ஸ்டைன் வழியில் 1.75. பிரின்சிபேயில் 1.61-ம் சோப்ராலில் ஒரு தொலைநோக்கியில் 1.98-ம் கிடைத்தன. சோப்ராலின் இன்னொரு தொலைநோக்கியோ 0.93 காட்டியது. அதன் படங்கள் மங்கலாக இருந்ததால் ஒதுக்கிவைத்துவிட்டு ஐன்ஸ்டைன் பக்கம் முடிவை அறிவித்தார்கள். அப்படி ஒதுக்கியது நியாயமா என்ற வாதம் பல பத்தாண்டுகள் நடந்தது. 1979-ல் அந்த மங்கலான படங்கள் பதிவான கண்ணாடித் தட்டுகளையே புதிய கருவியில் வைத்து மறுபடி அளந்தார்கள். கிடைத்தது 1.55.